காப்புக்குறை

"மூக்கைக் கொஞ்சம் கோணலாக்கி விட்டுருங்க டாக்டர். அதிகம் வேண்டாமுங்க, பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள் தாய்.

"எனக்கு மூக்கு வேண்டாம். சரிவுதான் வேணும்" என்றாள் மகள்.

"ஊர்ல பாதிப்பேரு அதத்தானே வெச்சிருக்காங்க கண்ணு?"

"அதனாலதாம்மா கேக்கறேன்."

சர்வேஷ் குறுக்கே பேசவில்லை. அவருடைய தொழிலில் முதல் அரை மணி நேரம் குடும்பச் சண்டைக்கு என்று ஒதுக்கப்பட்டது. அது முடிந்த பிறகுதான் மருத்துவம் ஆரம்பமாகும். மகள் கழுத்திலிருந்து நெற்றி வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பது என்ன மாதிரி முகம் என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. நெற்றி, மூக்கு, மோவாய் மூன்றும் பங்கு பிரித்த நிலம் போலச் சரிசமம். முகவார்ப்பியிலிருந்து போன வாரம்தான் வெளியே வந்திருந்தாள். அதற்குச் செவ்வை முகம் என்று பெயர். செவ்வை முகத்தைக் குறை வைக்காமல் தெருவில் கொண்டுபோனால் 'வெறும் முகத்தோட வந்துட்டா பாரு' என்பார்கள். மானமுள்ள குடும்பம் அதைச் செய்யாது.

முகவார்ப்பி வந்து முப்பது வருஷம் ஆகிறது. அதற்குள் படுத்தால் முகத்து எலும்பும் குருத்தும் தசையும் மூன்று மணி நேரத்துக்கு மெழுகாக இளகும். ஒலியலைகள் அதை வேண்டிய வடிவத்துக்குத் தள்ளிவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. முதலில் வசதியானவர்கள் படுத்தார்கள். பிறகு காப்பீட்டில் சேர்த்தார்கள், ஊரே படுத்தது. பத்தே வருஷத்தில் ஈரோட்டில் அழகில்லாத ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அழகு வந்த பின்னாலேயே பயமும் வந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்ந்த சனம் அல்லவா? செவ்வை செய்துகொண்டவனுக்குக் காய்ச்சல் வந்தால் கண்ணேறு. வண்டி கவிழ்ந்தால் கண்ணேறு. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறோம், புது வீட்டுக்கு வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோம், இத்தனை செலவு செய்த முகத்தை மட்டும் அப்படியே விடலாமா? பவானியில் யாரோ ஒரு தாய் முதலில் கேட்டாளாம், "ஒரு சின்னக் குறை வெச்சு விடுங்க சாமி" என்று. டாக்டர் ஒரு மச்சம் வைத்தார். அப்புறம் அது பல்லில் ஒரு விரிசலாயிற்று, காதில் ஒரு மடிப்பாயிற்று. காப்புக்குறை என்று பேரும் வந்துவிட்டது.

பூட்டைப் பார்த்தே பெட்டிக்குள் இருப்பதை மதிக்கிற உலகம் இது. காப்பு இருந்தால் உள்ளே காக்க வேண்டிய அழகு இருக்கிறது என்று அர்த்தம். அதனால் நாளடைவில் அழகை யாரும் பார்ப்பதில்லை, குறையைத்தான் பார்த்தார்கள். "மூக்குக் கோணல் என்ன லட்சணமா வெச்சிருக்கா!" என்று கல்யாண வீடுகளில் வாய்விட்டுச் சொன்னார்கள். ஆனால் ஒன்று. அந்தக் கோணல் வைத்ததாக இருக்க வேண்டும். பிறந்ததாக இருந்தால் அது பிறவிக்குறை, அதன் கீழே காக்க ஒன்றும் இல்லை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து தொலைத்ததால் சாதகத்தோடு வைப்புச் சான்றும் கேட்க ஆரம்பித்தார்கள். முகவார்ப்பி தன் பதிவேட்டிலிருந்து தானே அச்சிட்டுத் தரும் சான்று அது. யாரைப் பிடித்தாலும் பொய்யாக ஒன்று வாங்க முடியாது.

குறைகளில் ராஜா சரிவு. கீழுதட்டின் இடது ஓரம் லேசாகக் கீழே சரிந்து, நுனியில் உள்ளே மடங்கும். ஏதோ சொல்ல வந்து வேண்டாமென்று விட்டதுபோல ஒரு தோற்றம். வார்ப்பிக்கான அதன் அச்சை, அதாவது படிவத்தை, பதிவு செய்தவர் சர்வேஷ். எட்டு வருஷத்தில் அவர் கையால் மட்டும் நாலாயிரத்து முந்நூறு முகங்களில் வைத்திருக்கிறார். "எங்கிருந்துங்க புடிச்சீங்க இத?" என்று யாராவது கேட்டால், "தானா தோணுச்சு" என்பார்.

தாயும் மகளும் கடைசியில் சரிவுக்கே ஒத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்து வந்தவள் முகத்தை மூடாமல் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கையில் மாவு வாசனை. சர்வேஷ் பழக்கதோஷத்தில் முதலில் உதட்டைத்தான் பார்த்தார். அற்புதமான சரிவு. தன் வேலை இல்லை என்பது உடனே தெரிந்தது, தன் வேலையைவிடச் சுத்தமாக இருந்தது என்பதும் தெரிந்தது. தொழில் பொறாமை லேசாக எட்டிப் பார்த்தது.

"உக்காரம்மா. இது யாருகிட்ட வெச்சது?"

"ஆண்டவன்கிட்டங்க" என்றாள்.

சர்வேஷுக்குத் திருடனைத் தேள் கொட்டியது போலாயிற்று. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

"என்னைத் தெரியுதுங்களா? பேரு பொன்னாத்தா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பேக்கரி. தெனம் நாலு மணிக்கு வருவீங்க. ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு. டீ ஆறிப்போயி ஆடை கட்டும், நீங்க குடிக்க மாட்டீங்க. கல்லாவுல நிக்கற என் வாயவே பாத்துட்டு இருப்பீங்க."

"தெரியுது" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப எனக்குப் பதினேழு வயசுங்க. ஒரு மாசம் வந்தீங்க. நீங்க நின்னுபோன பொறவும் ஆறு மாசம் வாய்ல துணியக் கட்டிட்டுத்தான் வேலை செஞ்சேன். தூசி ஒத்துக்கலையான்னு மொதலாளி கேட்டாரு, ஆமான்னேன். அடுத்த வருசம் பாத்தா மேம்பாலத்துக்குப் பக்கத்துல இத்தனை பெருசா ஒரு விளம்பரம். அதுல என் வாயி. ஆரோ ஒரு பொண்ணு மூஞ்சியில."

"நான் செஞ்சது தப்புதான் அம்மிணி."

"அதச் சொல்ல நான் வர்லீங்க" என்றாள் பொன்னாத்தாள். "எனக்கு ஒரு சான்று வேணும்."

விஷயம் இதுதான். பேக்கரிக்குப் பால் கொண்டுவரும் நாச்சிமுத்துவுக்கும் அவளுக்கும் நாலு வருஷப் பழக்கம். இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்வதாக ஏற்பாடு. இடையில் நாச்சிமுத்துவின் தாய் ஹாசினி அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். பெண்ணின் சரிவு வைத்ததா, பிறந்ததா? வைத்தது என்றால் சான்று எங்கே? (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு ஹாசினி, சர்வேஷ் என்றுதான் வைத்தார்கள். முகத்தைப்போலப் பெயருக்கும் காலம் மாறுகிறது.)

"பொறந்ததுன்னு சொன்னா என்னாகும்?"

"பேச்சு நின்னுரும்ங்க. அவங்க மூஞ்சிலயும் இதான் இருக்குது. நீங்க வெச்சதுதான். செலவு பண்ணி வெச்சவங்களுக்கு, சும்மாவே வந்தவள மருமகளாக்க மனசு வருமுங்களா?"

பொய்ச் சான்று கிடைக்காது. உண்மைச் சான்றுக்கு ஒரே வழிதான் இருந்தது. அதைச் சொல்ல சர்வேஷுக்கே கூச்சமாக இருந்தது.

"வார்ப்பிக்குள்ள படுத்து, இதை எடுத்துட்டு முகத்தைச் செவ்வை செஞ்சுரணும். நாலு நாள் எலும்பு இறுகட்டும். அப்புறம் மறுபடி இதை வெச்சு விடறேன். பதிவேட்டுல ஏறிரும், சான்று தானா வந்துரும்."

"என்னுத எடுத்துட்டு என்னுதயே வெக்கறதா?"

"ஆமா."

அவள் சிரிக்கவில்லை. "கெரகம்" என்றாள் மெதுவாக. பிறகு, "சரி, செஞ்சுருங்க" என்றாள்.

அவர் அசைவுப்பதிவியை அவள் முன்னால் நகர்த்தினார். கண்ணாடிப் பலகை போன்ற கருவி. எதிரே உட்கார்ந்தவரின் உதட்டில் எண்பது புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, பதிவான படிவத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று எண்ணாகக் காட்டும். சர்வேஷ் எதிரில் உட்கார்ந்து அவள் உதட்டை உற்றுப் பார்த்தார். பலகையில் நூறு என்று வந்தது. அவர் வைத்த நாலாயிரத்து முந்நூறில் ஒன்றுகூடத் தொண்ணூற்றெட்டைத் தாண்டியதில்லை. மூலம் மூலம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது அவள் கைபேசி ஒலித்தது. "அவருதானுங்க" என்றாள் தயங்கி. "பேசும்மா, நான் வார்ப்பியைச் சூடு பண்ணிட்டு வர்றேன்" என்று சர்வேஷ் பக்கத்து அறைக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அவள் பேசி முடித்திருந்தாள். பதிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பதிவானதைப் பார்த்தார். முப்பத்தொன்று என்று இருந்தது.

பலகை ஆடியிருக்கும் என்று நினைத்தார். ஓடவிட்டுப் பார்த்தார். படத்தில் பொன்னாத்தாள் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "அட, மறுபடியும் கேன் மூடியத் தொலைச்சுட்டீங்களா? நீங்க ஒரு நா உங்களயே தொலைக்கப் போறீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உதட்டின் இடது ஓரம் கீழே இறங்கவில்லை, மேலே போயிற்று. வலது ஓரத்தைவிடச் சற்று முந்திக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான் கோணல். கன்னத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. சரிவு இருந்த இடமே தெரியவில்லை.

சர்வேஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பலகையில் எண் ஏறிற்று. ஐம்பது, எண்பது, நூறு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் பலகையை மட்டும் கவனித்தார். எண் இறங்கிற்று. எழுபது, நாற்பது. மறுபடி அவளைப் பார்த்தார், நூறு. மறுபடி ஜன்னல்.

"என்னுங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. பேக்கரியில நான் இல்லாத நேரம் உன் வாய் எப்படி இருந்துச்சு அம்மிணி?"

"எனக்கெப்படித் தெரியுமுங்க?"

"கண்ணாடியில பாத்திருப்பியே."

"கண்ணாடியில பாத்தா, நானே என்னயப் பாக்கறேனுல்லங்க?" என்றாள்.

சர்வேஷ் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முப்பது வருஷத்தில் எத்தனையோ முகங்களைப் பிரித்துக் கோத்த மனிதர் அவர். இந்த ஒரு சின்ன விஷயம் அவருக்குத் தோன்றவே இல்லை. பேக்கரியில் அவர் அளந்தது அவளுடைய வாயை அல்ல. முன்பின் தெரியாத ஒரு ஆள் டீயைக் குடிக்காமல் வெறித்துப் பார்க்கும்போது ஒரு பதினேழு வயதுப் பெண் வெட்கத்தாலும் பயத்தாலும் மடித்துக்கொண்ட உதட்டை அளந்துகொண்டு வந்திருந்தார். பிறவியில் இருந்தது ஒரு சிறு கோணல், மீதியெல்லாம் அவர் பார்த்த பார்வை. அதைத்தான் நாலாயிரத்து முந்நூறு பேர் காசு கொடுத்து வாங்கி முகத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கண்படாமல் இருக்க ஊரே போட்டுக்கொண்ட காப்பு, கண்பட்டுப்போன ஒரு வாய். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவர் பலகையை அவள் பக்கம் திருப்பி, கைபேசியில் பேசிய பகுதியை ஓடவிட்டார். பொன்னாத்தாள் பார்த்தாள். முதலில் புரியாதவள் போலப் பார்த்தாள், பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது நானுங்களா?"

"நீதான்."

"ஒருக்கா மறுபடி போடுங்க."

மூன்று தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை அவள் கண் கலங்கியிருந்தது. சர்வேஷ் அவளைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வார்ப்பிக்குள்ள போனா இது போயிரும். அது தசையையும் நரம்பையும் படிவத்துக்குப் பூட்டிரும். அப்புறம் ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் நூறுதான்."

"சிரிக்க முடியாதுங்களா?"

"சிரிக்கலாம். சத்தம் வரும். வாய் அப்படியேதான் இருக்கும்."

"இந்தச் சிரிப்பயே படிவமா எடுத்து வெக்க முடியாதுங்களா?"

"இப்பல்லாம் புதுப் படிவத்துக்கு மருத்துவ மன்றம் ஒப்புதல் தரணும். ஒண்ணரை வருஷம் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகற காரியமில்ல. அப்படியே ஆனாலும் அது அச்சடிச்ச சிரிப்பாத்தான் இருக்கும் அம்மிணி."

பொன்னாத்தாள் பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினாள். "அவரு என்னய நேரா பாக்கவே மாட்டாருங்க. குனிஞ்சு கேன எண்ணிட்டேதான் பேசுவாரு. கூச்ச சுபாவம். அதனாலதான் அவருகிட்ட மட்டும் எனக்குச் சிரிப்பு வருதாட்ட இருக்குது."

எழுந்துகொண்டாள். "வேண்டாமுங்க. இத நான் தர மாட்டேன்."

"அப்பக் கல்யாணம்?"

"நீங்க வாங்க. காயிதம் வேண்டாம், நீங்களே வந்து சொல்லுங்க. இது பொறந்தது, இதப் பாத்துத்தான் உங்களுக்கெல்லாம் வெச்சேன்னு சொல்லுங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா அவங்க அம்மா கேப்பாங்க. என் வாய எடுத்துட்டுப் போனீங்கல்ல, எனக்கு இது ஒண்ணாவது செய்யுங்க."

பதிலுக்குக் காத்திராமல் அவள் போய்விட்டாள்.

சொன்னால் என்ன ஆகும் என்பது சர்வேஷுக்கு நன்றாகத் தெரிந்தது. நாலாயிரத்து முந்நூறு பேரின் காப்புக்குறை ஒரு பேக்கரிப் பெண்ணின் பிறவிக்குறையைப் பார்த்து எடுத்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். கேட்டவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பாதிப்பேர் கழற்றி விடச் சொல்வார்கள், மீதிப்பேர் வழக்குப் போடுவார்கள். முப்பது வருஷப் பேர் ஒரே நாளில் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கும், அது ஒன்றும் அவர் குடும்பத்துக் கல்யாணம் அல்ல. இப்படி ஒரு மனசு சொல்லும். இன்னொரு மனசு அந்த டீயை நினைக்கும். ஒரு மாசம் தினமும் ஆறிப்போன டீ.

திங்கட்கிழமை அந்தத் துப்பட்டாப் பெண் வந்தாள். அவளுக்குச் சரிவு வைத்தார். கை தன் வேலையைச் செய்தது. செவ்வாய்க்கிழமை இன்னொருவருக்கு வைத்தார். புதன்கிழமை வந்தவரிடம், "காது மடிப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று வற்புறுத்திச் சொன்னார். அதற்கு மேல் அந்த உதட்டை அவரால் யாருக்கும் வைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தோட்டுக்குப் போனார். பொன்னாத்தாள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் நான்கைந்து நின்றன. கூடத்தில் ஜமக்காளம் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளங்களில் தேங்காய், பழம், உப்பு, சர்க்கரை. அவரைப் பார்த்ததும் ஹாசினி அம்மாள் எழுந்தே விட்டாள்.

"டாக்டரே வந்துட்டாரு! ஏனுங்க, ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்போமே! பொண்ணு, டாக்டர் நேர்லயே வந்து சொல்லுவாருன்னப்ப நான் நம்பலீங்க."

அவள் வாய் கொள்ளாமல் பேசினாள். ஆனால் சர்வேஷ் அன்றைக்குத்தான் அந்த வாயை முதல்முதலாகப் பார்த்தார். பேசும்போதும், உபசரிக்கும்போதும், உரக்கச் சிரிக்கும்போதும் ஹாசினி அம்மாளின் உதடு ஒரு பயந்த சின்னப் பெண்ணின் உதடாகவே இருந்தது. சுற்றிலும் பார்த்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அதே உதடு. மஞ்சள் புடவை கட்டிய தங்கைக்கு அதே உதடு. எண்ணிப் பார்த்தார், முப்பதில் பதினெட்டு. பதினெட்டுப் பேரும் அவரைப் பார்த்து, என்னை ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்று கேட்பதுபோல இருந்தது. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. உள்ளேயிருந்து பொன்னாத்தாள் யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு வரட்டும், டாக்டர் வாயாலயே சொல்லிரட்டும், தட்ட மாத்திக்கலாம்" என்றார் சித்தப்பா.

"நான் இப்பவே சொல்லிடறேன்" என்றார் சர்வேஷ். இன்னும் ஐந்து நிமிஷம் போனால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "அந்தப் பொண்ணுக்கு நான் எதுவும் வெக்கலீங்க. அது பொறந்தது. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணைப் பாத்துத்தான் நான் படிவம் எடுத்தேன். இங்க சரிவு வெச்சிருக்கற எல்லாருக்கும் வெச்சது அவளோடதுதான்."

யாரோ இருமினார்கள். ஹாசினி அம்மாளின் கை தன்னை அறியாமல் அவள் உதட்டுக்குப் போயிற்று. சர்வேஷுக்குப் பல வருஷத்துக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. சொல்லியாயிற்று.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பொன்னாத்தாளை அழைத்து வந்தார்கள். கன்னத்தில் அந்த மடிப்பு இன்னும் கலையாமல் வாசற்படி தாண்டினாள். முப்பது பேரும் திரும்பினார்கள். டாக்டர் சொன்னது காதில் இருக்க, முப்பது பேரும் ஒரே நேரத்தில் அவள் வாயைப் பார்த்தார்கள்.

மடிப்பு போயிற்று. உதட்டின் இடது ஓரம் மெல்லச் சரிந்து, நுனியில் உள்ளே மடங்கிற்று.

ஹாசினி அம்மாள் சும்மா வந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒப்புமானியை எடுத்தாள். கல்யாணத் தரகர்கள் வைத்திருக்கும் கையடக்கக் கருவி, உதட்டுக்கு நேரே காட்டினால் படிவத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். பொன்னாத்தாளுக்கு நேரே காட்டிவிட்டு அதையே வெறித்துப் பார்த்தாள்.

"நூறு" என்றாள். பிறகு கருவியை எல்லோருக்கும் காட்டினாள். "நூத்துக்கு நூறு! எனக்கு வெச்சதே தொண்ணூத்தேழுதானுங்க!"

கருவி கைமாறிக் கைமாறிப் போயிற்று. வாங்கிய ஒவ்வொருவரும் எண்ணைப் பார்த்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள்.

"பொறந்தது இப்படி அச்சுல வார்த்த மாதிரி இருக்குமுங்களா?" என்று சிரித்தார் சித்தப்பா. "பெரிய கை பெரிய கைதான். வெச்சதும் வெச்சுப்போட்டு, நான் வெக்கலைன்னு ஒரு தன்னடக்கம் பாருங்க!"

"தன்னடக்கம் இல்லீங்க" என்று சர்வேஷ் எழுந்துவிட்டார். "நான் சொல்றதக் கேளுங்க. நீங்க எல்லாரும் பாக்கறீங்க, அதனாலதான் நூறு. பாக்காம இருங்க, முப்பத்தொண்ணுதான் காட்டும். அதுதான் அவ வாய். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணு பாக்க வந்துபோட்டு, பொண்ணைப் பாக்காம இருக்கறதெப்படிங்க டாக்டர்?"

கூடமே சிரித்தது. ஹாசினி அம்மாள் தட்டை எடுத்தாள், பொன்னாத்தாளின் தாய் எதிரில் வந்து நின்றாள், உப்பும் சர்க்கரையும் கைமாறின. சர்வேஷ் சொன்ன உண்மை அவ்வளவு கூட்டத்தில் எங்கேயோ விழுந்து காணாமல் போயிற்று. அவர் பேருக்கும் தொழிலுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. மஞ்சள் புடவைத் தங்கை பக்கத்தில் வந்து, "எனக்குத் தொண்ணூத்தஞ்சுதான் வருதுங்க டாக்டர், அண்ணியாட்ட நூறு ஆக்கித் தர முடியுமுங்களா?" என்று கேட்டாள்.

நாச்சிமுத்து ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். "டேய், பேசி முடிச்சாச்சு. பொண்ண நல்லா நிமிந்து பாருடா" என்று ஹாசினி அம்மாள் அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

பொன்னாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவள் கேட்டது நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அவள் கண்ணில் தெரிந்தது, சிரிக்கவும் வந்தது. பார்க்கலாமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். சிரிப்பு உதடுவரை வந்து, இடது ஓரத்தில் சரிந்து, உள்ளே மடங்கிக்கொண்டது.

"என்ன லட்சணம்!" என்றாள் ஹாசினி அம்மாள்.

சர்வேஷ் தலையைக் குனிந்து ஜமக்காளத்தைப் பார்த்தார். அவளுக்காக அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.